தண்ணீரும் தாழ்ப்பாளும்

வளைவு திரும்பியதும் அக்கா சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பையும் என் தோளில்தான் தொங்கியது. இருவரும் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். பேருந்து வர மதியம் ஆகிவிடும் என்றார்கள். நிற்பதைவிட நடப்பது எனக்குப் பழகியது. ஆனால் அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரியை நடத்திக் கூட்டி வரலாமா என்று கேட்டால், வேலை பார்த்த இடத்தின் வாசலில் உட்கார விடவில்லை என்பதுதான் பதில். காரில் வந்து இறங்கும் விருந்தினர் கண்ணில் முதலில் ஒரு நோயாளி படக் கூடாதாம். அது நோய் தீர்க்கிற இடம்.

"தண்ணி குடிக்கா" என்று பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம்."

"உதடு வெடிச்சிக் கெடக்குது."

"கெடக்கட்டும். குடிச்சா வரும். வந்தா எங்க போறது? எதுத்தாப்ல பாரு."

எதிரே பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று நாலைந்து பையன்கள் பள்ளத்தாக்கோடு சேர்த்துத் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின வளைவில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் புளியோதரை சாப்பிட்டது. அதற்கு முந்தினதில் ஒரு கல்யாண ஜோடி, கூடவே குடை பிடிக்க ஓர் ஆள். அருவிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கல்வராயன் மலையில் இத்தனை மரம் இருந்தும் ஒரு பெண் ஒதுங்க ஒரு மரம் இல்லை. எல்லா மரத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இயற்கையை ரசித்துக்கொண்டிருந்தார்.

பாட்டிலைச் சுவர்மேல் வைத்தேன். ஒரு குரங்கு வந்து எடுத்துப் போனது. கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்து, மூடியைக் கடித்துத் துப்பிவிட்டு, பாதி குடித்து மீதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு இன்னா கவல" என்றாள்.

அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை. மலைமேல் ஒரு தண்ணீர் வைத்திய மையத்தில் இருவரும் வேலை பார்த்தோம். அவள் விருந்தினர் அறைகளையும் கழிப்பறைகளையும் கழுவுகிறவள். நான் வெந்நீர் காய்ச்சுகிறவன். வயதில் மூத்தவள், சங்கராபுரம் தாண்டி ஒரு கிராமத்துக்காரி, அதனால் அக்கா. அவள் என்னைத் தம்பி என்பாள். கோபம் வந்தால் யோவ்.

நான் எட்டாவது வரை படித்தேன். ஒன்பதாவதில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் திருப்பூர், பெங்களூர், செங்கல் சூளை, கோழிப்பண்ணை என்று போன இடமெல்லாம் போனேன். மலைக்கு வந்தது கடுக்காய் மூட்டை ஏற்றுகிற லாரியில் கிளீனராக. லாரி வெள்ளிமலைப் பக்கம் ஆக்சில் உடைந்து நின்றபோது, பக்கத்து மையத்தில் அடுப்பு எரிக்க ஆள் வேண்டும் என்றார்கள். லாரி சரியாகிக் கிளம்பியது. நான் அடுப்பருகிலேயே இருந்துவிட்டேன்.

அடுப்பு வேலை என்றால் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மூன்று அடுப்பு, மூன்று அண்டா. முதல் அண்டாவில் தண்ணீர் காய்ந்து முக்கால் ஆக வேண்டும். அது வாத உடம்புக்காரர்களுக்கு. இரண்டாவதில் பாதியாகச் சுண்ட வேண்டும், பித்தக்காரர்களுக்கு. மூன்றாவதில் கால் பங்குதான் மிஞ்ச வேண்டும், கபக்காரர்களுக்கு. இது ஆயுர்வேதத்தில் பழைய முறை என்று வைத்தியர் சொல்லிக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். சொன்னது பொய்யும் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வயிற்று உப்புசம் இறங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு மூன்றும் வெந்நீராகத்தான் தெரிந்தது. விருந்தினர்களுக்கு அப்படி இல்லை. ஒரு நாள் வாதக்கார அம்மாவுக்குக் கபத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அவர் குடித்துவிட்டு, உடம்பு லேசாக இருக்கிறது என்றார். தம்ளர் மாறிவிட்டது என்று நான் சொன்னதும் அவருக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை தோறும் ஓர் இங்கிலீஷ் டாக்டர் வருவார். நவீன அறிவியல் அவருடைய பொறுப்பு. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், ரத்தம் தண்ணீர், மூளை தண்ணீர், மூட்டுக்குள் வழவழப்பு தண்ணீர் என்று திரையில் படம் போட்டுக் காட்டுவார். பார்க்கப் பார்க்க எனக்கே உடம்பு தளும்புகிற மாதிரி இருக்கும். வைத்தியர், தாகம் எடுத்தால் உட்கார்ந்து வாய் வாயாகக் குடிக்கச் சொல்லுவார். டாக்டர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், மூன்று லிட்டர் கணக்கு என்பார். ஒருவர் மற்றவரை மறுத்துப் பேச மாட்டார். டாக்டர் ஒன்றைச் சொன்னதும் வைத்தியர் எழுந்து, இதை நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்பார். வைத்தியர் ஒன்றைச் சொன்னதும் டாக்டர் எழுந்து, இதை இப்போது நிரூபித்துவிட்டார்கள் என்பார். நடுவில் விருந்தினர்கள் குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

டாக்டர் ஓர் அட்டை கொடுத்திருந்தார். பெயிண்ட் கடையில் நிறம் பார்க்கக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு கழிப்பறைச் சுவரிலும் அது ஒட்டியிருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது, தேன் நிறமானால் தண்ணீர் போதவில்லை, அதற்கும் கீழே போனால் மருத்துவரைப் பாருங்கள். காலை உணவு மேசையில் விருந்தினர்கள் ஒருவருக்கொருவர் அதைத்தான் விசாரித்துக்கொள்வார்கள். ரிட்டயர் ஆன ஒரு வங்கி அதிகாரி, "நான் இரண்டாம் கட்டத்திற்கு வந்துவிட்டேன்" என்று பதவி உயர்வு வந்தது போலச் சொன்னார். இட்லி வைத்துக்கொண்டிருந்த எனக்குக் கை கொஞ்சம் நின்றது.

அந்த அட்டையைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பது அக்காவின் வேலை. எல்லாக் கழிப்பறையையும் கழுவி, மணம் வருகிற மருந்து தெளித்து, காகிதச் சுருளின் முனையை முக்கோணமாக மடித்து வைப்பாள். ஆனால் ஒன்றிலும் உட்காரக் கூடாது. விதி. முன்பு ஒருத்தி உட்கார்ந்துவிட, காமிராவில் அறைக்குள் போன நேரமும் வந்த நேரமும் பார்த்து, அன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம்.

"யாரும் பாக்கலன்னாலும் எனக்கு அதுல வராது தம்பி" என்பாள் அக்கா. "மேல உக்காந்தா நாக்காலில உக்காந்தா மாதிரி கீது. யாரோ வந்து காபி குடுப்பாங்கன்னு தோணுது."

வேலைக்காரர்களுக்கு மையத்தின் பின்னால் ஒரு சரிவு இருந்தது. ஆண்கள் எப்போது வேண்டுமானாலும் போவோம். பெண்கள் விடியலுக்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. இடையில் அடக்கிக்கொள்வார்கள். இதுவாவது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வைத்தியர் வெறுங்கால் நடையைக் கொண்டுவந்தார். விடியற்காலைப் பனிப்புல்லில் செருப்பில்லாமல் நடந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதற்கு ஏற்ற புல் அந்தச் சரிவில்தான் இருந்தது. ஏன் அங்கே மட்டும் அவ்வளவு செழிப்பு என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அக்காவுக்கு விடியற்காலையும் போய்விட்டது.

அவள் முறையிடவில்லை. குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். முதலில் பதினோரு மணி டீயை விட்டாள். பிறகு சாப்பாட்டுக்கு ரசம் வேண்டாம் என்றாள். பிறகு தண்ணீரையே விட்டாள். ஊரெல்லாம் வந்து தண்ணீர் குடிக்கிற இடத்தில் அவள் ஒருத்தி குடிக்காமல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததும் தற்செயல்தான். அடுப்படிக்கு அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு வருவது நின்றுபோனதைக் கவனித்தேன்.

ஒரு நாள் வைத்தியர் வேகங்களைப் பற்றிப் பேசினார். உடம்பில் தானாக எழுகிற வேகங்கள் பதிமூன்று, எதையும் அடக்கக் கூடாது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சிறுநீருக்கு வந்ததும் நின்று விளக்கினார். அதை அடக்கினால் அடிவயிறு வலிக்கும், நீர் கடுத்து இறங்கும், தலை வலிக்கும், இடுப்பைப் பிடிக்கும். டாக்டர் எழுந்து, உள்ளே தேங்கினால் கிருமி பெருகும், மேலே ஏறிச் சிறுநீரகம் வரை போகும் என்று நிரூபித்தார். விருந்தினர்கள் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் உடனே எழுந்து போய்விட்டு வந்தார்கள்.

அக்கா கூடத்தின் கடைசியில் துடைப்பக் குச்சியைப் பிடித்துக்கொண்டு, கால்மேல் கால் பின்னி நின்றாள்.

"இன்னா தம்பி சொல்றாரு?"

"மூத்திரத்த அடக்கக் கூடாதாம்."

"இதக் காலையிலயே வந்து சொல்லணுமா? மறந்துபோய் நின்னுக்கினு இருந்தேன். ஞாபகப்படுத்திட்டாரு."

அடுத்த வாரம் அவளுக்குக் கடுப்பு ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக, நெருப்பு மாதிரி என்றாள். வைத்தியர் நாடி பார்த்து நீர்ச்சுருக்கு என்றார். கொத்தமல்லி விதை ஊறிய தண்ணீரும் பார்லிக் கஞ்சியும் நிறையக் குடிக்கச் சொன்னார். சனிக்கிழமை டாக்டர் பார்த்து, யூரின் இன்ஃபெக்‌ஷன், டெஸ்ட் எடுக்கணும், தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்றார். இருவரும் ஒரே வைத்தியத்தைச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சொன்னது சரியும்கூட. உள்ளே போக வேண்டிய தண்ணீரைப் பற்றி அந்த மலையில் தெரியாதவர் கிடையாது. வெளியே வரும்போது அது எங்கே போகும் என்பது மட்டும் எந்தச் சாஸ்திரத்திலும் வரவில்லை.

நான் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சி வடிகட்டிக் கொடுத்தேன். அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போவாள். சமையற்கட்டுப் பின்புறத்துச் செம்பருத்தி அந்த வாரம் அமோகமாகப் பூத்தது.

பிறகு குளிர் காய்ச்சல் வந்தது. விலாவுக்குக் கீழே முதுகில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. இதே மாதிரி ஆரம்பித்துக் கண்டுகொள்ளாமல் விட்டு, சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் ரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்த ஒரு பெண்ணைச் செங்கல் சூளையில் நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவள் வரவில்லை. அதனால் எனக்குப் பயம் வந்தது. கருணை என்று சொல்ல மாட்டேன், பயம்தான்.

மையத்தில் 'பணியாளர் கழிப்பறை' என்று எழுதிய கதவு ஒன்று இருந்தது. பூட்டு கிடையாது. ஆனால் உள்ளே தரையிலிருந்து கூரை வரை செம்புக் குடங்கள் அடுக்கியிருந்தன. இரவு செம்பில் ஊற வைத்த தண்ணீரை விருந்தினர்கள் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பார்கள். அந்தக் குடங்களை வைக்க வேறு இடம் இல்லை. வேலைக்காரர்கள் குறைவு, குடங்கள் அதிகம். எனவே அறை குடங்களுக்குப் போனது. எனக்கு ஒரு யோசனை வந்தது. குடங்களையெல்லாம் எடுத்து முற்றத்தில் அடுக்கினேன். ஒன்று உருண்டு படியில் விழுந்து நசுங்கியது. கடைசிக் குடத்தை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தால் வெறும் சிமெண்டுத் தரை. கீழே உட்காரும் பேசின் இல்லை, குழாய் இல்லை, ஓட்டைகூட இல்லை. கதவு மட்டும் இருந்தது, உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளோடு.

மேனேஜர் வந்தார்.

"யோவ், உன்ன யாருய்யா இத வெளிய எடுக்கச் சொன்னது?"

"கக்கூஸ்னு எழுதியிருந்துது சார்."

"எழுதியிருந்தா? அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு எழுதுனது. பேசின் அடுத்த கட்டத்துல வருது."

"அதுவரிக்கும் அந்தக்கா?"

"அத வூட்டுக்குப் போகச் சொல்லியாச்சி. காய்ச்சலோட கெஸ்ட் ரூம் பக்கம் போனா நாளைக்கு ரிவ்யூல எழுதுவாங்க. நீயும் கூடப் போயிடு. உனக்கும் இங்க சரிப்படாது."

நசுங்கின குடத்தைக் காட்டிக் கூலியில் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஓர் இடத்தில் மூன்று மாதம் தங்கினால் எனக்கே உள்ளங்கால் அரிக்கும். எப்படியும் கிளம்பியிருப்பேன். இந்தத் தடவை அவர் முந்திக்கொண்டார்.

அப்படித்தான் இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை சாலையில் வந்துகொண்டிருந்தோம். குரங்கு போன பிறகு அக்காவால் எழ முடியவில்லை. முகம் சிவந்து, கண் செருகிப் போனது. தக்காளி இறக்கிவிட்டு வந்த ஒரு காலி வேனை மறித்தேன். ஓட்டுநர், பின்னால் படுக்க வையுங்கள் என்றார். காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். கச்சிராயபாளையம் தாண்டும்போது கோமுகி ஆற்றுப் பாலத்தில் அக்கா கண் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி கம்மியா போவுது" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. வேகமாகக் கேட்டு வேகமாக எழுதினார். காய்ச்சல் எத்தனை நாள், வாந்தி உண்டா, முதுகில் தட்டினால் வலிக்குதா. தட்டியதும் அக்கா துள்ளினாள்.

"தண்ணி குடிப்பீங்களாம்மா?"

அக்கா படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "அந்தப் பழக்கமெல்லாம் எங்க குடும்பத்துல கெடையாதுங்க."

"இல்லம்மா, தண்ணி…"

"தொட்டதுகூட இல்ல. வேணும்னா இந்தத் தம்பியக் கேளுங்க. அவரு குடிப்பாரு. நான் இல்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் தண்ணி என்றால் ஆண்கள் அடிப்பது. அதைக் குடிக்கிறாயா என்று ஒரு பொம்பளையைக் கேட்டால் சண்டைக்கு வருவாள்.

"பச்சத் தண்ணியக் கேக்கறாங்கக்கா" என்றேன்.

"அதுவா? அதுவும் குடிக்கிறதில்ல" என்று அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும் போல, அட்மிஷன் போடுகிறேன், இன்றைக்கு வந்ததே நல்லது, இனியும் தள்ளிப் போட்டிருந்தால் கிட்னிக்கே ஆபத்து என்றார். ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, சிறுநீர் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். இத்தனை நாள் வேண்டாத இடத்திலெல்லாம் வந்து தொல்லை கொடுத்தது, இப்போது அரசாங்கமே டப்பா கொடுத்துக் கேட்டபோது வரவில்லை. கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டிலில் பாதி இறங்கிய பிறகுதான் அக்கா எழுந்து போனாள். தேன் நிறத்துக்கும் கீழே, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிறம். மருத்துவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தகவல் சொன்னதும் சாயங்காலம் அவள் தங்கை ஊரிலிருந்து வந்தாள். பார்வை நேரத்தில் உள்ளே போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு லிட்டர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு காலி பாட்டில் கிடந்தது.

"மலையில கெஞ்சுனேன், ஒரு வாய் குடிக்கல" என்றேன்.

"இங்க அந்த மூலையில கக்கூஸ் கீது. கீழ உக்கார்றது. உள்பக்கம் தாழ்ப்பா கீது. போட்டுப் பாத்தேன், நல்லா விழுவுது." குரலில் தெம்பு வந்திருந்தது. "இவுங்க எத்தினி நாள் இருக்கச் சொன்னாலும் இருக்கறேன்."

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. டாக்டரம்மா சுற்றி வந்தபோது, காய்ச்சல் இறங்கினால் இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவோம், மாத்திரை தருவோம், ஆனால் வீட்டுக்குப் போயும் நிறையத் தண்ணீர் குடிக்கணும், அடக்கவே கூடாது, மறுபடி வந்தால் கிட்னி தாங்காது என்றார். அக்கா, "அப்ப நான் வூட்டுக்குப் போகல" என்றாள்.

"ஏம்மா?"

"எங்க வூட்ல கக்கூஸ் இல்லீங்க."

தங்கை முகம் சுளித்தாள். "இன்னாக்கா இப்பிடிச் சொல்ற? பச்ச கலர்ல கட்டி நிக்குது. அதுகிட்ட நின்னு போட்டோகூட எடுத்தாங்களே உன்ன."

"போட்டோல கீது. குழி எங்க கீது?"

கதை இதுதான். அரசாங்கத் திட்டத்தில் வீட்டுக்கு ஒன்று என்று கட்டிக் கொடுத்தார்கள். சுவர், கதவு, பேசின் எல்லாம் உண்டு. பேசினிலிருந்து ஒரு குழாய் பின்பக்கச் சுவரைத் துளைத்து வெளியே வந்து, அப்படியே தரையில் முடிகிறது. குழியை அப்புறம் எடுத்துத் தருகிறேன் என்று போன காண்டிராக்டர் படம் எடுத்ததோடு சரி. இப்போது அதில் கோழி அடைக்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். தீபாவளிக்கு வந்து வெட்டுகிறேன் என்று தீபாவளி தோறும் சொல்லுவார்.

"மக்காச்சோளம் நிக்கிற வரிக்கும் கவலயில்ல" என்றாள் அக்கா. "ஆள் உசரம் நிக்கும், எத்தினி பேருன்னாலும் மறைச்சிக்கும். இப்ப அறுத்துட்டாங்க. ரோட்லேர்ந்து பாத்தா ஏரிக்கரை வரிக்கும் தெரியுது. அங்க போய் இன்னாத்த குடிக்கிறது?"

டாக்டரம்மாவிடம் அதற்கு மாத்திரை இல்லை. சீட்டில் 'நிறைய நீர் அருந்தவும்' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ நாளைக்கி எங்க போற?"

"தெரியல. சேலம் பஸ்ஸு ஏறலாம்னு பாத்தேன்."

"சேலத்துல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல. பஸ்ஸு கீது."

"குழி வெட்டுவியா?"

வெட்டியிருக்கிறேன். கேபிள் குழி, வாழைக் குழி, ஒரு தடவை பிணக்குழிகூட. இது மட்டும் வெட்டியதில்லை. அப்படியே சொன்னேன்.

"எல்லாம் மண்ணுதான்" என்றாள். "கூலி தங்கச்சி குடுப்பா. சோறு போடுவா. எனக்கு டிஸ்சார்ஜ் போடறதுக்குள்ள முடிக்கணும்."

"கோழிய எங்கக்கா அடைக்கிறது?" என்று தங்கை கேட்டாள்.

"உன் வூட்ல அட."

மறுநாள் காலை முதல் பேருந்தில் சங்கராபுரம் போய், அங்கிருந்து தங்கையின் பின்னால் நடந்தேன். அறுவடையான நிலம் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தது. அக்கா சொன்னது சரிதான், ஒரு கோழி நடந்தாலும் தெரிந்தது. பச்சை அறை வீட்டுக்குப் பின்னால் நின்றது. சுவரில் கைகழுவும் படம், அதன் கீழே திட்டத்தின் பெயர். கதவைத் திறந்ததும் பேசின்மேல் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டை என்னை முறைத்தது. அதை முட்டையோடு கூடைக்கு மாற்றுவதற்குள் கை கொத்துப்பட்டது. தங்கை கடப்பாரையும் மண்வெட்டியும் கொடுத்துவிட்டு, குழிக்குள் இறக்குகிற சிமெண்டு உறைக்குச் சொல்லிவர மறுபடி சங்கராபுரம் போனாள்.

குழாய் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தாம்புக் கயிற்றால் வட்டம் போட்டு வெட்ட ஆரம்பித்தேன். மேல்மண் வெண்ணெய் மாதிரி வந்தது. எதிர்வீட்டுக்காரர் பைக்கைத் துடைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, வேலிப் பக்கம் வந்தார். பேச்சில் மரியாதை இருந்தது.

"இன்னாங்க, கெணறா?"

"இல்லீங்க. கக்கூஸுக்கு."

மரியாதை கொஞ்சம் இறங்கியது. "அப்பிடியா. தம்பி எந்தப் பக்கம்?"

"இப்ப கள்ளக்குறிச்சிங்க."

"கள்ளக்குறிச்சில எங்க?"

"பஸ் ஸ்டாண்டு."

"அது இல்லப்பா. எந்த ஆளுங்கன்னு கேட்டேன். இந்த வேலைக்கெல்லாம் எல்லாரும் வர மாட்டாங்களே."

"வெந்நீர் காய்ச்சற ஆளுங்க" என்றேன்.

அவர் அதை யோசித்துப் பார்த்தார். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட்டவர் போல, "சரி சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆனால் போய்விடவில்லை. பைக் அன்று மிகவும் பளபளப்பாகத் துடைக்கப்பட்டது.

இடுப்பளவு போனபோது வரப்பில் வைத்திருந்த என் போன் அடித்தது. பக்கத்துக் கட்டில்காரியின் போனில் அக்கா.

"எவ்ளோ ஆழம் போயிருக்க?"

"இடுப்பு வரிக்கும்."

"யாரு இடுப்பு? உன் இடுப்புன்னா பத்தாது. இன்னும் எறங்கு. காய்ச்சல் வுட்டுடுச்சி. நாளனிக்கே அனுப்பிடுவோம்னு சொல்லிக்கினு கீறாங்க."

"நாளனிக்கேவா?"

"அதான் சொல்றேன். நான் இங்க குடிச்சிக்கினே இருக்கறேன். நீ அங்க வெட்டிக்கினே இரு."

போனை வரப்பில் வைத்துவிட்டு மறுபடி இறங்கினேன். கடப்பாரையை ஓங்கிப் போட்டதும் டங்கென்று கை அதிர்ந்தது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தேன், சுக்காம்பாறை. குழி நெடுக அதுதான் தெரிந்தது. நிமிர்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் சம்மட்டி இருக்குமா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் இந்த வேலைக்குத் தர முடியாது என்றார். பிறகு உள்ளே போய் எடுத்து வந்து, என் கையில் கொடுக்காமல் வேலியோரம் வைத்துவிட்டுப் போனார். குழியிலிருந்து ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்து, பாறையை உடைக்க ஆரம்பித்தேன்.